நாலாவது மேசையின் இருபத்து மூன்று வோல்ட்

அந்தத் தையல் கூடத்தில் ஆளின் பெயருக்கு முன்னால் மேசையின் எண் வந்துவிடும். இஸ்திரிப் பகுதியில் ஆறு மேசைகள். நாலாவது மேசையில் நிற்பவளுக்கு மட்டும் எண்ணோடு ஒரு பட்டப்பெயரும் இருந்தது: மௌனம். காலையில் வந்து மாலையில் திரும்புவதற்குள் அவள் வாயிலிருந்து பத்து வார்த்தை உதிர்ந்தால் அதிகம். "மௌனம் வந்தாச்சா?" என்று மூன்றாவது மேசைக்காரி தினமும் கேட்பாள். இவள் தலையை ஆட்டுவாள். அன்றைக்கு ஒரு வார்த்தை மிச்சம்.

ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பதினொரு வருடமாக இதே மேசைதான். கழுத்துப்பட்டி, தோள், கை, முன்பக்கம், முதுகு என்று சட்டையின் மேல் அவள் கை போகும் வழியை அவளே யோசிப்பதில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் நூறு சட்டை என்பது அந்தக் கூடத்து அளவு. ஒரு காலத்தில் மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே நூறை முடித்துவிட்டுப் பக்கத்து மேசையின் குவியலில் கை வைப்பாள். இந்த இரண்டு வருடமாக எண்பதைத் தொடுவதற்குள் நாக்குத் தள்ளிப்போகிறது.

முதலில் தோள்பட்டை என்று நினைத்தாள். தைலம் தேய்த்துப் பார்த்தாள். பிறகு வயது என்று நினைத்தாள். அதற்குத் தேய்க்கத் தைலம் கிடையாது. ஒரே இடத்தில் இஸ்திரிப் பெட்டியை நான்கு முறை ஓட்டினால்தான் சுருக்கம் போயிற்று. முன்பெல்லாம் இரண்டு முறை போதும். அழுத்தம் போதவில்லை போலிருக்கிறது, கையில் வலு குறைந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் எண்ணிக்கைப் பலகையின் முன் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட செய்தியைச் சொல்லும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் பேனா மூடியைப் பார்த்துப் பேசுபவர்.

"ஏம்மா, எல்லாரும் நூறு. உனக்கு எழுபத்தெட்டு, எண்பது, எழுபத்தொன்பது. நானும் எத்தனை நாளைக்குப் பூசி மெழுகறது? சனிக்கிழமை மதியம் நூறு வரலைன்னா, திங்கட்கிழமையிலிருந்து பிசிறு வெட்டற பக்கம் போயிடு. இந்த மேசைக்கு ஆள் பார்த்தாச்சு."

பிசிறு வெட்டுவது கேவலமான வேலை இல்லை. சிறிய கத்தரியை வைத்துக்கொண்டு தைத்த துணியில் தொங்கும் நூல்களை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களை முதலில் அங்கேதான் உட்கார வைப்பார்கள். ஆனால் உலகத்தில் அவளுக்குக் குறையில்லாமல் செய்யத் தெரிந்த ஒரே காரியம் கசங்கிய துணியை நேராக்குவது. அதுவும் கைநழுவுகிறது என்றால், பிறகு அவள் எதைக் காட்டி நிமிர்ந்து நடப்பாள்?

செவ்வாய்க்கிழமை வயர்மேன் வேறு ஏதோ வேலையாகக் கூடத்துக்கு வந்திருந்தான். மௌனம் இரண்டு முறை அவன் பக்கம் போய்த் திரும்பி வந்து, மூன்றாவது முறை வாயைத் திறந்தாள்.

"தம்பி, என் மேசைக்குக் கரண்ட் கம்மியா வருது."

அவள் அதை எப்படிக் கண்டாள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மற்றப் பெட்டிகளில் தேவையான சூடு ஏறியதும் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி எரியும். நாள் முழுக்க அந்த ஐந்து மேசைகளிலும் விளக்குகள் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். அவள் பெட்டியின் விளக்கு மட்டும் சிமிட்டுவதே இல்லை, விடாமல் எரிந்துகொண்டே இருக்கும். பேசாதவர்களுக்குப் பார்ப்பதற்கு நேரம் நிறைய உண்டு.

வயர்மேன் அவள் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டைகளில் மீட்டரின் இரண்டு முனைகளையும் செருகினான். எண்ணைத் திருப்பி அவளுக்கே காட்டினான்.

"இருநூத்தி முப்பது. முழுசா வருது பாருங்க. கரண்ட்ல குறையே இல்லக்கா." மீட்டரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "அக்கா கைக்குத்தான் கரண்ட் கம்மி."

கூடமே சிரித்தது. பகை இல்லாத சிரிப்புதான். அன்று மாலைக்குள் அந்த வார்த்தை இஸ்திரிப் பகுதியிலிருந்து வெட்டும் பகுதிவரை போய்விட்டது. கைகழுவும் இடத்தில் யாரோ, "என்னக்கா, கைக்கு இன்னும் கரண்ட் வரலியா?" என்று கேட்டார்கள். மௌனமும் சிரித்து வைத்தாள்.

வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். லாரியோடு போகும் கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். நாத்தனார் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் படிப்பு படிக்கிறாள். அவர்கள் வகுப்பில் ஒரே பெண் அவள்தான். அண்ணி பேசாமல் விட்ட வார்த்தைகளையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்கென்றே பிறந்தவள் போல இருப்பாள். மௌனம் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். வாயாடி நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க கரண்ட்னு சொன்னது எதை? அந்தாளு கரண்ட்னு பார்த்தது எதை?"

"கரண்ட்னா கரண்ட்தான்."

"அதான் வினை. நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைய வச்சிருக்காங்க. விளக்கு அணைஞ்சா கரண்ட் போச்சு. மங்கலா எரிஞ்சா கரண்ட் கம்மி. தொட்டா கரண்ட் அடிச்சிருச்சு. மாசம் பொறந்தா கரண்ட் பில்லு. எங்க வகுப்புல இந்த வார்த்தைய மாத்திச் சொன்னா மார்க்கைக் குறைச்சிடுவாங்க." ஈரத் தரையில் விரலால் மூன்று கோடு கிழித்தாள். "வோல்ட்டுங்கறது பின்னாலிருந்து தள்ளற தள்ளு. ஆம்பியருங்கறது கம்பிக்குள்ள ஓடற ஓட்டம். ஓட்டத்துக்குத்தான் கரண்ட்னு பேரு. ஓம்ங்கறது ஓட விடமாட்டேன்னு பெட்டி பிடிக்கற அடம்."

"உன்ன மாதிரி."

"என்ன மாதிரிதான். தள்ளை ஓட்டத்தால வகுத்தா அடம் வரும். தள்ளையும் ஓட்டத்தையும் பெருக்கினா வாட்டு வரும், அதாவது சூடு. அந்தாளு தள்ளை மட்டும் பார்த்துட்டுப் போயிருக்கான். அதுவும் பெட்டியப் பிடுங்கிட்டு. ஒண்ணுமே ஓடாதப்ப தள்ளு முழுசாத்தான் தெரியும். கதவு பூட்டியிருக்கறப்ப வாசல்ல கூட்டம் இல்லன்னு சொல்ற மாதிரி."

மௌனத்துக்கு அந்த உவமை சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் வகுப்பதும் பெருக்குவதும் அவளுக்குப் பயமில்லாத விஷயங்கள். பதினொரு வருடமாகத் துணியை டஜன் டஜனாக எண்ணிக் கட்டுகிறவள். மறுநாள் காலையில் பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தாள். இருநூற்று முப்பது வோல்ட், ஆயிரத்து நூற்றைம்பது வாட். சட்டைக் கையை விரித்துப் போடுவதற்குள் விடை வந்துவிட்டது. ஆயிரத்து நூற்றைம்பதை இருநூற்று முப்பதால் வகுத்தால் ஐந்து. ஓட்டம் ஐந்து ஆம்பியர் இருக்க வேண்டும். இருநூற்று முப்பதை ஐந்தால் வகுத்தால் நாற்பத்தாறு. அதுதான் தன் பெட்டியின் அடம். இத்தனை வருடம் கையில் பிடித்திருந்த பெட்டியின் குணம் இன்றுதான் தெரிகிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பயிற்சிக் கூடத்தில் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருந்த ஒரு டாங் டெஸ்டரை வாயாடி கொடுத்தனுப்பியிருந்தாள். நண்டுக் கொடுக்கு போல வாய் திறந்து கம்பியைக் கவ்வும் மீட்டர் அது. எதையும் பிரிக்காமலே ஓட்டத்தைக் காட்டிவிடும். புதன்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், மௌனம் பெட்டியைப் போட்டு, அதன் வயரைக் கொடுக்குக்குள் விட்டாள். பூஜ்யம். தட்டிப் பார்த்தாள். பூஜ்யம். பெட்டியின் அடியில் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் சுட்டது.

"கரண்ட்டே இல்லாம சுடுது என் பெட்டி," என்றாள் அன்று மாலை.

வாயாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முழு வயரையும் கவ்விட்டீங்களா? உள்ள ரெண்டு கம்பி இருக்கு அண்ணி. ஒண்ணுல போறது, இன்னொண்ணுல திரும்பி வருது. ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு ஒண்ணுமில்லன்னுதான் காட்டும். ஒத்தைக் கம்பியப் பிடிக்கணும்."

பரணிலிருந்து ஒரு சாமானை எடுத்துக் கொடுத்தாள். செய்முறை வகுப்புக்காக அவளே செய்தது: இரண்டு பிளக் போடும் சின்னப் பலகை, மேலுறை நீக்கித் தனித்தனியாக விட்ட கம்பிகள். ஒவ்வொரு கம்பிக்கும் அதனதன் ரப்பர் உறை பத்திரமாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம் ஒற்றைக் கம்பியைக் கவ்வினாள். நாலரை. சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். எண் அசையவில்லை. பிறகு பெட்டியையும் பலகையையும் தூக்கிக்கொண்டு போய் மூன்றாவது மேசையின் பிளக்கில் போட்டுப் பார்த்தாள். ஐந்து. இரண்டு நிமிடத்தில் அவள் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. இரண்டு வருடத்தில் அது அணைந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையிலும் குறையில்லை, பெட்டியிலும் குறையில்லை.

சாப்பிட்டுத் திரும்பிய மூன்றாவது மேசைக்காரி இதையெல்லாம் பார்த்துவிட்டாள். விவரம் கேட்டுக்கொண்டதும் வழியும் சொன்னாள்.

"இதுக்கா இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கற? சனிக்கிழமை உன் பெட்டிய என் பிளக்குல போட்டுக்க. இந்தப் பலகைலதான் ரெண்டு இருக்கே. துணிய மேல போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப்போகுது? நூறு வந்தா சரி. நீ வாயத் திறக்கவே வேண்டாம்டீ."

வாயைத் திறக்கவே வேண்டாம் என்பது மௌனத்தின் காதில் தேனாகப் பாய்ந்தது. சரி என்று தலையாட்டினாள்.

வீடு திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சும்மா உட்கார்ந்திருந்த மனம் கணக்கைத் தொடர்ந்தது. பெட்டியின் அடம் நாற்பத்தாறு. அது எந்த மேசைக்குப் போனாலும் மாறாது. ஓட்டம் நாலரைதான் என்றால் தள்ளு எவ்வளவு? நாற்பத்தாறைப் பெருக்கினாள். இருநூற்று ஏழு. மீதி இருபத்து மூன்று வோல்ட் எங்கே போயிற்று? எண்ணிக் கட்டிய துணியில் இருபத்து மூன்று குறைந்தால் விட்டுவிடுவாளா? எங்கேயாவது இருந்தாக வேண்டும். பெட்டிக்கு வந்து சேர்வதற்கு முன்னால், வழியில் யாரோ அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். வழி என்பது சுவருக்குள் இருக்கிறது. இருபத்து மூன்றை நாலரையால் பெருக்கினாள். நூற்று மூன்று சொச்சம்.

நூற்று மூன்று வாட். பெருக்கினால் வருவது சூடு என்று வாயாடி சொல்லியிருந்தாள். மௌனத்துக்குப் பழைய குண்டு பல்பு நினைவுக்கு வந்தது. நூறு வாட் பல்பைத் தெரியாமல் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்ட அனுபவம் யாருக்கு இல்லை? அப்படி ஒரு பல்பு அவள் மேசைக்குப் பின்னால், சுவருக்குள், வெளிச்சம் காட்டாமல் எரிந்துகொண்டிருக்கிறது. சுவரை ஒட்டி மரத்தட்டு. தட்டு நிறைய மடித்த துணி. அந்தத் தட்டின் மூலையில் வைத்தால் சாப்பாட்டு டப்பா மதியம்வரை ஆறாது என்று கண்டுபிடித்து, இரண்டு வருடமாக அங்கேயே வைத்து வருகிறாள். துணியின் சூடு என்றுதான் நினைத்திருந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனது.

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த வாயாடியிடம் கணக்கைச் சொன்னாள். அவள் இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கேலியும் இல்லாமல், "சரிதான் அண்ணி. எங்கயோ கம்பி முறுக்கு தளர்ந்திருக்கு. துணி இருக்கற இடம். நாளைக்கே சொல்லிடுங்க," என்றாள்.

சொல்லிடுங்க என்பது ஒரே வார்த்தைதான். வெள்ளிக்கிழமை மௌனம் சூப்பர்வைசரின் கண்ணாடி அறைப் பக்கம் மூன்று முறை போனாள். மூன்றாவது முறை அவரே தலையை நீட்டி, "குடிக்கத் தண்ணியாம்மா? அந்தப் பக்கம் இருக்கு," என்றார். அவளும் போய்க் குடித்துவிட்டு வந்தாள். அன்று தன் பெட்டியைச் சுவர் பிளக்கில் போடவில்லை. மூன்றாவது மேசையின் பிளக்கில்தான் போட்டாள். தட்டிலிருந்த துணியை இறக்கித் தரையில் விரிப்பு போட்டு அடுக்கினாள். சூப்பர்வைசர் வந்து, "தேய்ச்ச துணியத் தரையிலயா வைப்பாங்க?" என்று கடிந்துகொண்டு, ஆள் விட்டு மறுபடி தட்டிலேயே ஏற்றினார். நூறு வராமல் போனால் புதியவள் திங்கட்கிழமை வந்து, ஒன்றும் தெரியாமல் அந்தப் பிளக்கில் பெட்டியைப் போடுவாள் என்பது மௌனத்துக்கு மாலைவரை முள்ளாகக் குத்தியது.

சனிக்கிழமை காலை எல்லோரும் பெட்டியைப் போட்டார்கள். மௌனம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, நேரம் ஓடுது," என்றார் சூப்பர்வைசர்.

"நான் பெட்டி போடல."

கூடத்தில் இரண்டொரு பெட்டிகள் நடுத்துணியில் நின்றன. மூன்றாவது மேசைக்காரி கண்ணால் ஜாடை காட்டினாள். மௌனம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் தைரியம் போய்விடும்.

"சுவத்துக்குள்ள நூறு வாட் பல்பு அளவுக்குச் சூடு நிக்குது. துணி பத்திக்கும். வயர்மேனக் கூப்பிடுங்க."

அவள் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. அதனாலேயே சூப்பர்வைசர் போனை எடுத்தார். வயர்மேன் வந்தான். "மறுபடியுமாக்கா?" என்று பழையபடி மீட்டரை வெறும் பிளக்கில் செருகினான். இருநூற்று முப்பது. "பார்த்தீங்களா?"

"இந்தப் பலகையப் போட்டு, என் பெட்டியையும் போட்டுட்டு, பக்கத்து ஓட்டைல பாரு தம்பி," என்றாள் மௌனம். "இருநூத்தி ஏழு காட்டும்."

"நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"பார்க்கல. ஓட்டைல கம்பி விட எனக்குப் பயம். பெருக்கினேன்."

வயர்மேன் சூப்பர்வைசரைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டுப் பெட்டியைப் போட்டான். மீட்டரைச் செருகினான். இருநூற்று எட்டு என்று வந்த எண் ஒன்று இறங்கி, இருநூற்று ஏழில் நின்றது. அவன் முகத்திலிருந்த சிரிப்பு இடம் தெரியாமல் போனது. பெட்டியைப் பிடுங்கிவிட்டுப் போய் மெயினை அணைத்து வந்தான். தட்டிலிருந்த துணியை இறக்கச் சொன்னான். மரத்தட்டை நகர்த்தினார்கள். அதன் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் காப்பி நிறத்தில் கருகியிருந்தது. அதற்கு நேரே சுவரில் சிறிய மூடி. அதைத் திறந்ததும் எரிந்த ரப்பர் நெடி எல்லோருக்கும் எட்டியது. உள்ளே இரண்டு கம்பிகளை முறுக்கிச் சுற்றியிருந்த டேப் கரியாகி, விரல் பட்டதும் உதிர்ந்தது.

வயர்மேன் குந்தியபடியே சொன்னான்: "ரெண்டு வருஷத்துக்கு முன்னால லைன் மாத்தினப்போ நான்தான் முறுக்கினேன். அன்னைக்கு அவசரம்." பிறகு மௌனத்தின் பக்கம் பார்க்காமல், "நீங்க சொன்னது சரிதான்க்கா. கரண்ட் கம்மியாத்தான் வந்திருக்கு," என்றான்.

அன்று முழுக்க நாலாவது மேசை நின்றது. புதுக் கம்பி இழுத்து, முறுக்குக்குப் பதில் திருகாணி வைத்த இணைப்பு போட்டார்கள். அவள் எதை வைத்து ஓட்டத்தை அளந்தாள் என்பதை சூப்பர்வைசர் கேட்டுத் தெரிந்துகொண்டார். சூப்பர்வைசர், "திங்கட்கிழமை மதியம் பார்ப்போம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நூறு என்ற பேச்சை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை பெட்டி அவள் கையில் புதிதாக வந்தது போல் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டே ஓட்டத்தில் சுருக்கம் மறைந்தது. வழக்கம் போல அழுத்தித் தேய்த்ததில் முதல் சட்டையின் கழுத்துப்பட்டி லேசாகப் பழுப்பேறிவிட்டது. தண்ணீர் தெளித்துச் சரிசெய்தாள். இரண்டு வருடமாக அழுத்திப் பழகிய கைக்கு இப்போது அழுத்தாமலிருக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. சிவப்பு விளக்கு அணைவதும் எரிவதுமாக இருந்தது.

மணி அடித்தது. சூப்பர்வைசர் வந்து எண்ணினார். தொண்ணூற்று நாலு. இன்னொரு முறை எண்ணினார். அதேதான். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பலகையின் முன் நின்றார்.

"புதுக் கம்பிங்க, கை இன்னும் பழகல," என்று மூன்றாவது மேசைக்காரி முந்திக்கொண்டு வந்தாள்.

மௌனம் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கம்பி தின்ற சூடு திரும்பியதும், அவள் கணக்குப்படி குறைந்தது தொண்ணூற்றெட்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தோள் மெய்யாகவே கொஞ்சம் வலித்தது.

"கம்பி தின்னது போக மீதி என்னோடது சார்," என்றாள். "அந்த ஆறுக்குச் சுவத்தச் சொல்ல முடியாது. எனக்கு வயசாகுது."

சூப்பர்வைசர் பேனா மூடியைத் தேடினார். கையில் இருந்தது சாக்பீஸ். அதைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆறு சட்டைக்கு யாரும்மா மேசைய மாத்துவாங்க," என்றார். நாலாவது மேசைக்கு நேரே தொண்ணூற்று நாலு என்று எழுதினார். "போய்ச் சாப்பிடு. சாயங்காலம் உன் நாத்தனாரோட அந்தக் கவ்வற மீட்டர் வேணும். மத்த மேசையையும் பார்த்துடணும்."

"அத அவ இன்னைக்கே திருப்பிக் கொடுக்கணுமாம்," என்றாள் மௌனம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாரும் இருபது நிமிஷம் தள்ளிச் சாப்பிடட்டும். இப்பவே பார்த்துடலாம்," என்றபடி பையிலிருந்து மீட்டரையும் பலகையையும் எடுத்துக்கொண்டு முதல் மேசையை நோக்கி நடந்தாள். ஐந்து மேசைக்காரிகளும் பசியோடு முனகிக்கொண்டே பெட்டிகளைத் திரும்பப் போட்டார்கள்.